ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி முட்டி

மார்ச் 3

அன்புள்ள மூலைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. இங்கே எதிரில் வருகிறவர்களெல்லாம் "இப்ப முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கேள்வியே கசந்துபோய்விட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் நன்றாக இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிங் மிஷின் உன் காதைத் தின்றுவிட்டது. நான் என்ன சொன்னாலும் "ஆமா ஆமா" என்கிறாய், எதற்கு ஆமா என்று உனக்கே தெரியாது. செல்போனில் எழுதுங்கள் என்று என் பெண் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம் தரைக்கல் பதித்து, கலவை பிசைந்த விரல். ஒரு எழுத்தை அமுக்கினால் அக்கம்பக்கத்து எழுத்தெல்லாம் சேர்ந்து விழுகிறது. அதனால் பழையபடி காகிதமும் பேனாவும்தான்.

வலது முட்டிதான் முதலில். காலையில் எழுந்தால் அரை மணி நேரம் நீட்ட வராது. எங்கள் வீடு முதல் மாடி, உனக்குத் தெரியும். பதினாலு படி. முன்பெல்லாம் எத்தனை படி என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது ஒவ்வொன்றும் தெரியும். ஏழாவது படியில் விளிம்பு உடைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். முட்டியோடு நின்றதா என்றால் இல்லை. இடது இடுப்புக்குப் போனது, அங்கிருந்து முதுகின் அடியில் போய் உட்கார்ந்தது. கைத்தடி பிடிக்க ஆரம்பித்த பிறகு வலது தோள்பட்டையும் சேர்ந்துகொண்டது. ஒன்றுக்குத் தைலம் தேய்க்கக் குனிந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. எரிச்சலாக வருகிறதடா.

எலும்பு டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. "நடுவுல க்ரவுட் பூச்சு போக இடம் விடாம கல்லையும் கல்லையும் முட்ட வச்சுட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பயிற்சி செய்யச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார், கடைசியில் மூட்டு மாற்று ஆபரேஷன்தான் என்றார். எப்போது சரி என்று படுகிறதோ சொன்னால் தேதி தருவாராம். ஆஸ்பத்திரியில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்கெடுத்தாலும் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறவன் என்று எல்லோரும் மட்டம், மட்டம் என்றே கூப்பிட்டு, எனக்கு அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. மூலைக்கல் வெட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று நீ மூலை ஆன மாதிரி.

இனி உன்னைக் கேட்க வேண்டியது. உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே மேஸ்திரியிடம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் மண்டி போட்ட தரையில்தான் நீயும் மண்டி போட்டாய். அவர் கொடுத்தது ஒரே ஒரு ஜோடி ரப்பர் மெத்தை. ஆளுக்கொன்று என்று பிரித்தோம். வலது முட்டி மெத்தை உனக்கு, இடது எனக்கு. பிறகு கையில் காசு வந்தபோதும் இன்னொரு ஜோடி வாங்கத் தோன்றவில்லை பார், மடப்பயல்கள். மெத்தை இல்லாத என் வலது முட்டி போய்விட்டது. அப்படியானால் உன் இடது முட்டி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது. அதைத் தெரிந்துகொண்டுதான் டாக்டருக்குப் பதில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பெண் வீடு கட்டுகிறாள். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே, உன் வீட்டுத் தரை என் கையால்தான் என்று சொல்லியிருக்கிறேன். கூடமெல்லாம் வேண்டாம், குளியலறை மட்டுமாவது போட வேண்டும். ஐந்துக்கு ஏழு.

உன்,
மட்டம்

மார்ச் 12

அருமை மட்டம்,

உன் புலம்பல் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டே படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. படியை எண்ணுகிறானாம், விளிம்பைப் பார்க்கிறானாம். உன்னை வேலையை விட்டு உட்காரச் சொன்னது யார்?

இதையும் பென்சிலில் எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே. கல்லில் கோடு போடும் பென்சில்தான் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது.

என் இடது முட்டியா? அதற்கு என்ன, கல் மாதிரி இருக்கிறது. மெத்தை இல்லாமலேயே உரம் ஏறிவிட்டது போல. வாரத்தில் நாலு நாள் வேலைக்குப் போகிறேன். மகன் வேண்டாம் என்கிறான், மருமகள் வேண்டாம் என்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதுதான் காதே இல்லையே. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வேலை செய்கிறவனுக்கு ஒன்றும் வராது. உட்கார்ந்தவனுக்குத்தான் முட்டி, இடுப்பு, முதுகு என்று வரிசையாக வரும். நம்மை உட்கார வைத்துவிட்டால் பிறகு எழுப்பிவிட ஒருத்தரும் வர மாட்டார்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

ஆபரேஷன் எல்லாம் வேண்டாம். கத்தி பட்ட இடம் பழையபடி ஆகாது. பெயர்த்துத் திரும்பப் போட்ட கல், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்காமல் எப்போதாவது இருந்திருக்கிறதா? நீயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய். டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையை எடு. குளியலறையைப் போடு, முட்டி தானாக வழிக்கு வரும்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

உன்,
மூலை

ஏப்ரல் 2

அன்புள்ள மூலைக்கு,

உன் பேச்சைக் கேட்டேன். டாக்டரிடம் போய், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "யாரையாவது கேட்டீங்களா?" என்றார். என்னோடு வேலை பார்த்தவன் ஒருத்தன், இன்னும் மண்டி போடுகிறான் என்றேன். "அவர் கொடுத்து வச்சவர்" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது உன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரே வேலை, ஒரே தரை. உனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும் எல்லாம். அப்படியானால் குறை வேலையில் இல்லை, என்னிடம்தான். நான்தான் உடம்பை வளர்த்தேன், நான்தான் சோம்பேறி ஆனேன். ராத்திரியும் பகலும் இதையே யோசிக்கிறேன்.

ஆபரேஷன் இல்லை என்றால் பயிற்சியாவது செய் என்று ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார்கள். என் மகளைவிடச் சின்னவள். நான் கதவைத் திறந்து உள்ளே வருகிறேன், உட்காரக்கூட இல்லை, கேட்கிறாள்: "எந்த முட்டி வலி?" வலது என்றேன். "அப்புறம் ஏன் தடியை வலது கையில பிடிக்கறீங்க?" வலிக்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். "இல்லங்க. எதிர்ப் பக்கம் பிடிக்கணும். வலது கால் போகும்போது இடது கைத்தடி கூடப் போகணும்" என்றாள். இவ்வளவு நாளும் நான் தப்பான கையில் தடியைப் பிடித்து வலது பக்கமே சாய்ந்து நடந்திருக்கிறேன். தோள்பட்டை அதனால்தானாம். வலது காலில் பாரம் போடப் பயந்து இடது காலிலேயே நின்றதில் இடுப்பு, அந்தக் கோணலைத் தாங்கித் தாங்கி முதுகு. ஒரு முட்டி கெட்டால் உடம்பு முழுக்க அதற்கு வேலை செய்யுமாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவள்மேல் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, பெல்ட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழ் ஒரு ஓரமாகப் போய் நிற்கிறது. ஊரார் தரையையெல்லாம் அரை நூல் வித்தியாசத்துக்குப் பெயர்த்தவன் நான். எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். இரண்டு வருஷமாக நானே கோணலாக நடந்திருக்கிறேன், ஒருத்தன் சொல்லவில்லை. வீட்டுக்காரி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நான் சொன்னேன். நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள். சொன்னாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பாள்.

இப்போது தடி இடது கையில். பழக்கம் விடவில்லை, வாசல் தாண்டுவதற்குள் தானாக வலது கைக்கு வந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. கணுக்காலில் ஒரு மணல் பை. குழந்தைக்குச் சொல்வது போல "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்கிறாள் வீட்டுக்காரி. எரிந்து விழுகிறேன். பிறகு வருத்தப்படுகிறேன். பிறகு மறுபடி எரிந்து விழுகிறேன்.

நீ ஒரு உதவி செய். இரண்டே நாள் வா. குளியலறைக்குக் கல் வந்து இறங்கிவிட்டது. நீ மண்டி போடு, நான் ஸ்டூலில் உட்கார்ந்து மட்டம் பார்க்கிறேன். தண்ணீர் வாட்டம் மட்டும் சரியாக வந்துவிட்டால் எனக்குப் போதும். பஸ் நிற்கும் இடத்துக்கு மருமகன் வண்டி கொண்டு வருவார். மறுக்காதே.

உன்,
மட்டம்

ஏப்ரல் 14

அருமை மட்டம்,

தடி சமாச்சாரம் படித்தேன். பரவாயில்லை, இந்த வயதிலாவது ஒருத்தி உன்னைத் திருத்தினாள்.

வர ஆசைதான். ஆனால் இங்கே தலைக்கு மேல் வேலை. இப்போது ஒரு பெரிய வீடு கையில் இருக்கிறது. முந்தாநாள் அதன் கூடம். எல்லாம் நாலுக்கு ரெண்டு கல், கண்ணாடி மாதிரி. ஆளைக் கூப்பிடவில்லை, நான் ஒருத்தனே. காலையில் வாசல்படியில் ஆரம்பித்தேன், சாயங்காலம் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து தரை முழுக்க விழுந்தது. ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கல் ஏறி இறங்கி இல்லை. நீ இருந்திருந்தால் உன் ரசமட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது.

இதை விட்டுவிட்டு எப்படி வருவேன், சொல். ஐந்துக்கு ஏழு ஒரு வேலையா? அரை நாள். பல்லைக் கடித்துக்கொண்டு மண்டி போடு. முதல் கல்தான் வலிக்கும். பிறகு உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். யாரையும் துணைக்குக் கூப்பிடாதே, கூப்பிட்டால் வேண்டாம் என்பார்கள்.

உன்,
மூலை

மே 6

மூலை,

குளியலறையில் மண்டி போட்டேன். என்ன ஆனது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வாரம் காலை பத்து மணிக்குப் பெண் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரியிடம் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். யாரையும் கூப்பிடாதே என்று நீ எழுதியிருந்தாயே. சட்டையைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டினேன், செல்போன் அதன் பையில். கலவை போட்டேன், நூல் கட்டினேன். என் பழைய மெத்தையை இடது முட்டியில் கட்டினேன், வலதுக்குச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். இறங்கிவிட்டேன். வலி உயிரை எடுத்தது. முதல் கல்தான் வலிக்கும் என்றாயே, அதனால் வைத்தேன். இரண்டாவது வைத்தேன். மூன்றாவதையும் வைத்துவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டியபோது இடது இடுப்பில் ஒரு பிடி. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன்.

எழ முடியவில்லை. சுவரைப் பிடித்தால் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, மடக்கினால் நீள மாட்டேன் என்கிறது. குழாய் இன்னும் பொருத்தவில்லை, பிடிக்க ஒன்றும் கிடையாது. செல்போன் தலைக்கு மேலே ஆணியில் அடித்துக்கொண்டே இருந்தது. கத்தினேன். பக்கத்து வீட்டில் துளை போடுகிறார்கள், அந்தச் சத்தத்தில் என் சத்தம் யாருக்குக் கேட்கும்? என் கண்ணெதிரே வாளியில் கலவை இறுகிப் போயிற்று. கரண்டி அதிலேயே சிக்கி நின்றது. நாலு மணி நேரம். அழுதேன், மூலை. வலிக்காக இல்லை. ஒரு தரையிலிருந்து எழுந்திருக்கத் தெரியாதவனாகிவிட்டேனே என்று அழுதேன்.

பெண்தான் வந்து பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மருமகன் வேலையிலிருந்து ஓடி வந்து, இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அந்த மூன்று கல்லையும் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "இந்தத் தரையை உங்ககிட்ட யாருப்பா கேட்டா?" நான் கொடுத்த வாக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சரி, இப்போது உன் கதை. நாலு மணி நேரம் தரையில் கிடந்தவனுக்கு யோசிக்க வேறென்ன இருக்கிறது? உன் கடிதத்தைத்தான் வரி வரியாக நினைத்துப் பார்த்தேன். வாசல்படியில் ஆரம்பித்துச் சாயங்காலம் ஜன்னலுக்கு வந்தாய். நல்லது. அப்புறம் எப்படி வெளியே வந்தாய்? ஈரக் கல்லை மிதித்துக்கொண்டா? ஜன்னல் கம்பி வழியாகவா? உள்ளே ஆரம்பித்து வாசலில் முடி என்று மேஸ்திரி முதல் நாளே காதைத் திருகிச் சொன்னது உனக்கு மறந்துபோகுமா? மூலைக்கல் வெட்டினவன் மூலையில் போய் மாட்டிக்கொள்வானா? அது போகட்டும், நாலுக்கு ரெண்டு கல்லை ஒருத்தனாகத் தூக்கி எப்படிப் படுக்க வைத்தாய்? நல்ல முட்டி இருந்த காலத்திலேயே அதற்கு நாம் இரண்டு பேர். இரண்டு வருஷமாக உன் கடிதம் எல்லாம் பென்சிலில் வருகிறது. வேலைக்குப் போகிற அன்றைக்குத்தானே அந்தப் பென்சில் கையில் இருக்கும்? நீ எழுதுவது வேலைக்குப் போகாத நாளில்.

உண்மையைச் சொல். சொல்ல முடியாது என்றால் இனி எழுதாதே.

மட்டம்

மே 15

மட்டம்,

நீ கேட்டதற்குப் பதில்: நான் வெளியே வரவில்லை. உள்ளேயும் போகவில்லை.

இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது நான் வேலையை விட்டு. இடது முட்டி. மெத்தை இல்லாத முட்டிதான், நீ சொன்ன கணக்கு சரி. முதலில் ஒரு பொட்டு வலி. அதை விட்டுக்கொடுத்து வலது காலிலேயே நடந்தேன். வலது இடுப்பு போனது. பிறகு முதுகு. பிறகு கழுத்து. டாக்டரிடம் ஒரு தடவை போனேன். ஆபரேஷன் என்ற சொல் காதில் விழாவிட்டாலும் அவர் கை காட்டிய விதத்திலேயே புரிந்துவிட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து படுத்தேன். அப்படியே படுத்ததுதான். இப்போது கழிப்பறைக்கு மகன் தூக்கிக்கொண்டு போகிறான். மற்ற நேரம் கட்டில். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. அதனால்தான் பென்சில்.

படுத்திருக்கிறவனுக்குத் தெரிவது இந்த ஜன்னல் ஒன்றுதான். மனசுக்குள் எத்தனையோ தரை போடுவேன். எல்லாம் ஜன்னலை நோக்கித்தான் போகும். வாசல் எனக்கு ஞாபகத்திலேயே வரவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். நீ முதல் தடவை வேலை எப்படிப் போகிறது என்று கேட்டபோது, போகிறது என்று எழுதினேன். அந்த ஒரு சொல்தான். அதற்கப்புறம் திரும்ப வழியில்லை. இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லதுதான் தாங்கவில்லை. "அப்பா பாவம்" என்று பக்கத்து அறையில் மருமகள் சொல்வது என் செத்த காதுக்கே கேட்கிறது. உன் ஒருத்தனுக்குத்தான் நான் இன்னும் வேலைக்காரன். உன் கடிதம் வருகிற அன்றைக்கு நானும் கொஞ்சம் வேலைக்குப் போய் வருவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆபரேஷன் வேண்டாம் என்று உனக்குச் சொன்னது கத்திக்குப் பயந்து இல்லை. நீ செய்துகொண்டு எழுந்து நடந்துவிட்டால் நான் மட்டும் தனியாக இதில் கிடப்பேனே என்று பயந்தேன். குளியலறையை நீயே போடு என்றதும் அப்படித்தான். நீ போட்டுவிட்டாய் என்று எழுதினால், நம்மில் ஒருத்தனாவது போட்டான் என்று இருக்கும் என நினைத்தேன். நீ நாலு மணி நேரம் கிடப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நான் கிடக்கிறேனே.

உன் இடதும் என் வலதும் சேர்த்தால் நம் ரெண்டு பேருக்கும் ஒரு ஜோடி நல்ல முட்டி தேறும். இதை வேடிக்கையாகத்தான் எழுதினேன். சிரிக்க முடியாவிட்டால் விட்டுவிடு.

மூலை

ஜூன் 2

மூலை,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை, ஏனென்றால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

உன்னை நம்பி டாக்டரிடம் வேண்டாம் என்றேன். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். குறை என்னுடையது என்று நினைத்துக் காலையும் மாலையும் என்னையே திட்டிக்கொண்டேன். அந்த நாலு மணி நேரத்துக்குப் பிறகு முதுகு இன்னும் மோசம், இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வீட்டுக்காரிதான் மாட்டிவிடுகிறாள். மூன்று மாதம் போயிற்று. அதை யார் திருப்பித் தருவது? இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல் பொய் எழுதுகிறவன் ஆவேன்.

இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். சொல்லிவிட்டேன், தேதி கொடுத்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது. பிசியோதெரபிப் பெண், மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள் என்கிறாள். அது ஆபரேஷனைவிடப் பயமாக இருக்கிறது.

குளியலறையை வேறு ஆட்கள் வந்து போட்டு முடித்தார்கள். ஸ்டூலில்கூட உட்காரப் போகவில்லை. முடிந்த பிறகு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வாட்டம் பரவாயில்லை, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்குகிறது. பெயர்க்கச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நான் வைத்த மூன்று கல்லை அவர்கள் பெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள், அதை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ படுத்திருக்கிற அறையை எனக்குத் தெரியும். உன் மகனுக்காக நாம் இரண்டு பேரும் போட்ட தரை. ஒரு அடிக் கல். கட்டில் போட்டிருக்கிற சுவரிலிருந்து வாசல் வரைக்கும் பதினொன்று, வாசலோரத்தில் நீ வெட்டிய பாதிக் கல் ஒன்று. நூல் பிடித்தவன் நான், எனக்கு மறக்காது.

இனி எனக்கு எழுதுவதானால் ஒன்றே ஒன்றுதான் எழுத வேண்டும். இன்றைக்கு எத்தனை கல் நடந்தாய். ஒன்று என்றால் ஒன்று. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. வேறு எதையும் நான் படிக்கப் போவதில்லை. தடியை வலது கையில் பிடி, உனக்கு இடது முட்டி.

மட்டம்

ஜூன் 11

மட்டம்,

இந்தக் கடிதம் உனக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று மகனை இன்றைக்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான் உனக்கு என்னென்ன எழுதி வந்தேன் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து கைத்தடியை எடுத்துத் தூசி தட்டினான். அவன் வாங்கி வந்து இரண்டு வருஷமாக அங்கேதான் கிடந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததோடு சரி. தலை சுற்றியது. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை, மகனைக் கண்டபடி திட்டினேன். மூன்றாம் நாள் ஒரு கல். நேற்று இரண்டு. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறான். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. வலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை, நீ படிக்க மாட்டாய்.

மை எழுத்தாக இருக்கிறதே என்று பார்த்திருப்பாய். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்கு நாலு கல். வாசல் பக்கம்.

மூலை